பையன் சீக்கிரம் முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கானா? மிஸ்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி

என் பையன் ஆறாவது. மேட்ஸ்ல 98, 100னு வாங்குவான், ஆனா டைரியில வாரத்துக்கு ஒரு தடவ 'க்ளாஸ்ல பேசிக்கிட்டே இருக்கான்'னு சிகப்பு இங்க்ல எழுதி வரும். ஒரு நாள் மேட்ஸ் நோட்ட பின்னாடி திருப்பிப் பாத்தா நாலு பக்கம் பூரா புள்ளி வச்சு கட்டம் புடிக்கிற விளையாட்டு, கட்டத்துக்குள்ள பக்கத்துல உக்காந்திருக்கிறவனோட இனிஷியல் வேற.

நான் பண்ண தப்ப முதல்ல சொல்லிடுறேன். பேரன்ட்ஸ் மீட்டிங்ல, பின்னாடி இருபது பேர் ரேங்க் கார்டோட நிக்கும்போது, "அவனுக்கு க்ளாஸ் போர் அடிக்குதாம் மிஸ்"னு சொல்லிட்டேன். மிஸ் முகமே மாறிடுச்சு. நாம என்ன நெனச்சு சொன்னாலும் அவங்க காதுல 'நீங்க நல்லா நடத்தல'ன்னு தான் விழும். அதனால மீட்டிங் அன்னைக்கு இந்தப் பேச்சே எடுக்காதீங்க, டைரியில எழுதி அனுப்பி தனியா பத்து நிமிஷம் கேளுங்க.

போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கவனிங்க. எந்த சப்ஜெக்ட், எத்தன நிமிஷத்துல முடிக்கிறான், முடிச்சுட்டு என்ன பண்றான்னு குறிச்சு வைங்க. இன்னொண்ணு, உண்மையிலேயே புரிஞ்சுதான் போடுறானான்னு பாருங்க. பின்னத்த பின்னத்தால வகுக்கும்போது ஏன் தலைகீழா திருப்புறோம்னு கேட்டேன், "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க"ன்னான். 100 மார்க் வாங்குறவன்! அப்ப அவனுக்கு வேண்டியது ஏழாவது புக் இல்ல, இதே பாடத்துல இன்னும் கொஞ்சம் ஆழம்.

அங்க போனதும் "க்ளாஸ்ல எப்படி இருக்கான் மிஸ்?"னு கேட்டுட்டு அவங்கள பேச விடுங்க, நமக்குத் தெரியாத ஏதாவது கண்டிப்பா வரும். அப்புறம் நோட்ட காட்டுங்க. "ரொம்ப ப்ரில்லியன்ட்"ங்கிற வார்த்தைய வீட்டுலயே விட்டுட்டுப் போங்க, அத அவங்க தெனம் பத்து அம்மாகிட்ட கேக்குறாங்க.

கேக்குறது சின்னதா இருக்கணும், நாப்பது புள்ளைங்கள வச்சுக்கிட்டு தனி சிலபஸ் எல்லாம் அவங்களால முடியாது. நான் கேட்டது இவ்வளவு தான்: சமச்சீர் மேட்ஸ் புக்ல பாடம் முடியிற இடத்துல 'மேற்சிந்தனைக் கணக்குகள்'னு வருமே, அவன் இங்கிலீஷ் மீடியம் புக்ல சேலஞ்ச் ப்ராப்ளம்ஸ்னு இருக்கும், ஒரே மாதிரி இருபது கணக்குக்கு பதிலா அஞ்சு போட்டுட்டு மிச்ச நேரத்துல அத போடட்டுமா? *பதிலா*ங்கிறத அழுத்திச் சொல்லுங்க. இல்லன்னா இருபதும் போட்டு அதுவும் போடணும்னு ஆயிடும், சீக்கிரம் முடிச்சதுக்கு தண்டனையான்னு புள்ள மெதுவா எழுத ஆரம்பிச்சுடும்.

முடிச்ச புள்ளைய மத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்க விடுறது நல்லது தான், ஆனா தெனமும் அதே வேலைன்னா அவன் எப்ப கத்துக்குவான்னு பக்குவமா கேக்கலாம்.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளின்னா எட்டாவதுல என்எம்எம்எஸ்னு மத்திய அரசோட ஸ்காலர்ஷிப் தேர்வு இருக்கு, குடும்ப வருமான வரம்புக்குள்ள இருந்து செலக்ட் ஆனா ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். அதுல மனத்திறன் பகுதிக் கேள்வியெல்லாம் நல்ல புதிர் மாதிரி இருக்கும், அந்தத் தேர்வ எழுத முடியாத மத்த பள்ளிப் புள்ளைங்களும் பழைய கேள்வித்தாள எடுத்து போட்டுப் பாக்கலாம்.

ஒரு மாசம் கழிச்சு மறுபடி மிஸ்ஸையே பாருங்க, நேரா ஹெச்எம் ரூமுக்கு போயிடாதீங்க. எங்க மிஸ் இப்ப அவங்களாவே வாரம் ஒரு கணக்கு குடுக்குறாங்க. போன வாரத்தோடது இன்னும் அவனுக்கு வரல, சாப்பிடும்போது கூட தட்டு ஓரத்துல வெரலால போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கான்.