240 கிராமில் ஒரு சமையல்கட்டு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக மேல்பாகம் தைக்கிறேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் தம்பியும் நானும் பையை மாட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ கிளம்பிவிடுவோம். முதல் தடவை அப்பாவின் பித்தளை பம்ப் ஸ்டவ்வை எடுத்துப் போனோம். மண்ணெண்ணெய், எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல். மேலே போய்ச் சேர்ந்தபோது தம்பியின் தோள்பட்டை கன்றிப் போயிருந்தது. "அக்கா, அடுத்த தடவை அவலைப் பச்சைத் தண்ணியில ஊறவச்சே தின்னுக்கலாம்" என்றான்.

இப்போது அடுப்பு, தாங்கி, காற்றுத் தடுப்பு, குண்டான், மூடி, சூடு ஆறாமல் குண்டானுக்குப் போடும் ஒரு உறை எல்லாம் சேர்த்து 240 கிராம். எரிக்கிற ஸ்பிரிட் (மர பாலிஷுக்கு விற்பது) மட்டும் தனி. குண்டானைத் தவிர எல்லாமே கழிவில் போகிற பொருளில் செய்தவை. செய்யும்போது ஒன்று புரிந்தது. அடுப்பைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், ஆனால் ஸ்பிரிட்டை மிச்சம் பிடிப்பது அடுப்பு இல்லை. காற்றுத் தடுப்பும் உறையும்தான். அதனால் அந்த இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் குண்டான். வேலூர் லாங்கு பஜாரில் அலுமினியப் பாத்திரத்தை எடை போட்டுக் கொடுப்பார்கள். கைப்பிடி இல்லாத, ஒரு லிட்டர் பிடிக்கிற, அடி தட்டையான குண்டானாகப் பாருங்கள். உயரமாக ஒடுக்கமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது சீக்கிரம் சூடேறும். என்னுடையது 13 செ.மீ. விட்டம், 140 கிராம். இனி வரும் அளவெல்லாம் இந்தக் குண்டானுக்கு எடுத்தவை.

அடுப்புக்கு இரண்டு காலி கூல்டிரிங்ஸ் கேன் வேண்டும், 330 மி.லி. கேன். தடித்த புத்தகத்தின் நடுவே பிளேடு முனை மட்டும் வெளியே நீட்டும்படி வைத்து, தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் அது கேனைத் தொடும்படி செய்துகொண்டு, கேனை மெதுவாகச் சுற்றுங்கள். வெட்ட வேண்டாம், கீறினால் போதும். பத்துச் சுற்றுக்குப் பிறகு கீறலின் மேல் கட்டைவிரலால் அமுக்கினால் தானாக விட்டுக்கொள்ளும். இப்படி இரண்டு அடிப்பாகம். ஒன்றின் குழிந்த நடுவட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றிக் குத்தூசியால் 16 துளை போடுங்கள். துளை குண்டூசி பருமனுக்கு மேல் போகக் கூடாது, பெரிதானால் நெருப்பு மஞ்சளாகி ஸ்பிரிட்டைக் குடித்துவிடும். கேனின் உடம்பிலிருந்து நாலு செ.மீ. அகலப் பட்டை வெட்டி வளையமாகச் சுருட்டி, அதன் கீழ் ஓரத்தில் மூன்று சின்ன வெட்டு விடுங்கள். ஸ்பிரிட் உள்ளே போக அதுதான் வழி. இந்த வளையத்தை அடியிலுள்ள பள்ளத்தில் நிறுத்தி, துளை போட்ட பாகத்தை மேலே கவிழ்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக அமுக்க வேண்டும். வளையம் உயரமாக நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சரிசெய்யுங்கள்.

அமுக்கும் இடத்தில்தான் பலருக்கும் கேன் கிழிகிறது. இரண்டுமே ஒரே விட்டம் என்பதால் சுலபத்தில் நுழையாது. அடியில் இருக்கப்போகிற பாகத்துக்குள் திறக்காத முழு கேன் ஒன்றை அழுத்தித் திருகுங்கள். தகடு லேசாக விரிந்து கொடுக்கும். ஷூவை அச்சில் ஏற்றும்போது தோல் விரிகிற மாதிரிதான், அவசரப்பட்டால் கிழிசல், பொறுத்தால் பொருத்தம். வெட்டிய ஓரம் கையை அறுக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

தாங்கிக்கு சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட ஸ்போக்ஸ் கம்பி மூன்று. ஒவ்வொன்றையும் 7 செ.மீ. கால், 12 செ.மீ. மேல்பாகம், 7 செ.மீ. கால் என்று ப வடிவத்தைக் கவிழ்த்தாற்போல மடக்கி, மூன்றையும் கால்கள் சேரும் இடத்தில் கட்டுக்கம்பியால் கட்டினால் முக்கோணம். கட்டு சற்றுத் தளர்வாக இருக்கட்டும், அப்போதுதான் தட்டையாக மடித்துப் பையில் வைக்க முடியும்.

இனி காற்றுத் தடுப்பு. பிரியாணி பார்சல் வரும் அலுமினிய டப்பாக்களைக் கழுவி, பூரிக்கட்டையால் உருட்டித் தட்டையாக்கி, ஓரத்தோடு ஓரம் இரண்டு மடிப்பாகக் கோத்து 54 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை செய்யுங்கள். குண்டானைச் சுற்றி ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டு நிற்க வேண்டும். இடைவெளி குறைந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும், கூடினால் சூடு வெளியே ஓடும். கீழ் ஓரத்தில் ஒரு பாதிக்கு மட்டும் பேப்பர் பஞ்ச்சால் வரிசையாகத் துளையிட்டு, அந்தப் பக்கம் காற்று வரும் திசைக்கு மறுபுறம் இருக்கும்படி வையுங்கள். ஏலகிரியில் ஒரு சாயங்காலம் அளந்து பார்த்தேன். தடுப்பு வைத்தால் 20 மி.லி. ஸ்பிரிட்டில் அரை லிட்டர் தண்ணீர் ஏழெட்டு நிமிடத்தில் கொதித்தது. தடுப்பை எடுத்துவிட்டுப் பார்த்தபோது 35 மி.லி. ஊற்றியும் குமிழி மட்டும்தான் வந்தது.

அப்புறம் உறை. இது என் வேலை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஷூ உள்ளடிக்கு வெட்டியது போக மிஞ்சும் ஃபோம் துண்டுகளில்தான் முதல் உறையைத் தைத்தேன். கொதிக்கிற குண்டானை உள்ளே வைத்ததும் ஃபோம் இளகி, சுருங்கி, பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாவது தடவை உள்பக்கம் பழைய கம்பளியை இரண்டு மடிப்பு வைத்து, ஃபோமை வெளியே போட்டேன். இரண்டு வருடமாக அதே உறைதான். அடிக்கு 14 செ.மீ. வட்டம், சுற்றுக்கு 46 செ.மீ. பட்டை, மேலே தொப்பி மாதிரி கவிழ்க்க இன்னொரு வட்டமும் 5 செ.மீ. பட்டையும். தையலுக்கென்று அரை செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

சூடான குண்டானைப் பிடிக்க இரண்டு தோல் துண்டு வைத்திருக்கிறேன். எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் (எங்கள் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைதான்) கொதிசூட்டில் சுருண்டுவிடும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் தாங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம் போடுங்கள். சுருங்காவிட்டால் குரோம். தோல் ஷாப்பில் இப்படித்தான் சோதிப்பார்கள்.

உறை இருப்பதால் பாதிச் சமையல் நெருப்பில்லாமல் நடக்கிறது. ஒரு டம்ளர் சாமையை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டரை டம்ளர் தண்ணீர், உப்பு, நறுக்கிய வெங்காயம், வீட்டிலேயே தாளித்து எடுத்துவந்த கடுகு மிளகாயோடு அடுப்பில் ஏற்றுங்கள். 25 மி.லி. ஸ்பிரிட் போதும். கொதி வந்து மேலும் மூன்று நாலு நிமிடம் ஆனதும் இறக்கி உறையில் போட்டு மூடிவிட வேண்டும். இருபது நிமிடம் திறக்கவே கூடாது. பிறகு திறந்தால் சாமை பூவாக மலர்ந்து, ஊதி ஊதிச் சாப்பிடும் சூட்டில் இருக்கும். ஏலகிரி மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 97 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும், அங்கே உறையில் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். ஜவ்வாது மலைச் சாமைக்கு ஒரு மணம் உண்டு, முடிந்தால் ஜமுனாமரத்தூரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிட் என்பது மர பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட். விஷம். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், மூடி இறுக்கமான தனி பாட்டிலில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் எரியும், ஆனால் குண்டானெல்லாம் கரி. பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். வெயிலில் ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் பாட்டிலோடு பற்றிக்கொள்ளும். அடுப்பு கையால் தொடும் அளவுக்கு ஆறாமல் மறுபடி ஊற்றவே கூடாது. அணைக்க ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்தால் போதும். முதல் தடவை வீட்டு சிமெண்ட் தரையில், ராத்திரியில், பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். நீல நாக்குகள் பதினாறும் வரிசையாக எழும்புவது அப்போதுதான் தெரியும். கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள்.

காட்டுக்குள் எதையும் கொளுத்தாதீர்கள். மாசி, பங்குனியில் ஜவ்வாது மலைப் புல் காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை மறக்க முடியவில்லை. காப்புக்காட்டில் நடக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் காட்டில் நடக்கும்போது அவல், பொரிகடலை, வெல்லத்தோடு நிறுத்திக்கொள்வோம். அடுப்பை எடுப்பது ஊருக்குள் வந்த பிறகு, தெரிந்தவர் வீட்டுக் களத்தில், சொல்லிவிட்டுத்தான்.

அப்படிப் போன மாதம் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் களத்தில் சாமையை உறையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு ஆயா வந்து, "இன்னாமா, நெருப்பு இல்லாம சட்டிக்குச் சட்டை போட்டு வச்சிருக்கிறே?" என்று கேட்டார். திறந்து ஒரு கரண்டி கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு உறையை வாங்கி உள்ளே கைவிட்டு, தையலை விரலால் தடவிப் பார்த்தார். தன் களிச் சட்டிக்கும் ஒன்று வேண்டும் என்றார். சட்டியை அளந்துகொண்டு வந்திருக்கிறேன், 22 செ.மீ. விட்டம். கம்பளி வெட்டியாயிற்று, அடுத்த லீவுக்குள் தைத்துவிடுவேன்.