பழக்கமில்லாத மரம் விறகுக்கு ஆகுமா? வீட்டிலேயே பார்க்கும் முறை

சவுக்கு, புளி, சீமைக்கருவேலம் என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுவோம். உசிலையோ மஞ்சணத்தியோ கொடுக்காப்புளியோ வந்து இறங்கினால்தான் தயக்கம். பேரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நன்றாகக் காய்ந்த மரம் எதுவானாலும் கிலோவுக்குச் சுமார் 4,000 முதல் 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். பெரிதாக மாறுவது அடர்த்தியும் ஈரமும்தான்.

முதல் வேலை, ஆகாததை ஒதுக்குவது. அரளி நஞ்சு; அதை அடுப்பில் வைக்கவே கூடாது. தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும், சேராங்கொட்டையின் சாறு தோலைப் புண்ணாக்கும். இரண்டின் புகையும் ஆகாது. என்ன மரம் என்றே தெரியாவிட்டால், இலையோடு ஒரு கொப்பை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

அடுத்தது ஈரம். ஒரு சாண் நீளத் துண்டு ஒன்றைப் பிளந்து, எடை போட்டு, அந்த எண்ணைக் கரியால் அதன் மேலேயே எழுதுங்கள். வெயிலும் காற்றும் படும் இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. 1 கிலோ துண்டு 600 கிராமில் நின்றால், மீதி 400 கிராமும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டைத் தட்டினால் 'டங்'கென்று கேட்கும். பச்சை என்றால் 'பொத்'தென்றுதான் கேட்கும்.

மூன்றாவது அடர்த்தி. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், தராசுகூட வேண்டாம். காய்ந்த கட்டையிலிருந்து ஒரே பருமனில் 20 செ.மீ. குச்சி ஒன்று சீவுங்கள். உயரமான, குறுகலான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, குச்சியைச் செங்குத்தாக விட்டு, சாயாமல் விரலால் லேசாக அணையுங்கள். அமுக்கக் கூடாது. 13 செ.மீ. மூழ்கினால் 13-ஐ 20-ஆல் வகுங்கள்: 0.65. தண்ணீரோடு ஒப்பிட்டால் அந்த மரத்தின் கனம் அவ்வளவு. குச்சி நீரை உறிஞ்சும் முன் பார்த்துவிட வேண்டும். கல்யாண முருங்கைக் குச்சி பெரும்பகுதி மேலேயே மிதக்கும். உசிலை ஆழமாக இறங்கும். அதை அடுப்பில் வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடைசியாக எரித்துப் பாருங்கள். சவுக்கில் 1 கிலோ, புது மரத்தில் 1 கிலோ, இரண்டும் காய்ந்தவை. ஒரே அடுப்பு, ஒரே பானை, 3 லிட்டர் தண்ணீர். கொதிக்க எவ்வளவு நேரம், பொறி தெறிக்கிறதா, கண் எரிகிறதா, தீ அணைந்தபின் கங்கு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்கிறவர்களுக்குக் கங்குதான் முக்கியம்.

விலை பேசும்போது, வண்டிக் கணக்கில் தந்தால் கனமான மரத்தையே எடுங்கள். அதே இடத்தில் வெப்பம் அதிகம். எடைக் கணக்கு என்றால் காய்ந்த லேசான மரமும் நஷ்டமில்லை, அடிக்கடி அடுப்புக்குள் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். எடைக்குப் பச்சை விறகு மட்டும் வாங்காதீர்கள்.