பிரெஞ்சு சாவி விளக்கு: துடைப்பது, தோல் மாற்றுவது, ஏற்றுவது

புதுச்சேரியில் சாவியால் முடுக்கி ஏற்றும் பழைய பிரெஞ்சு எண்ணெய் விளக்கு ஒன்று கைக்கு வந்தால் புளியைத் தொடாதீர்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி. மேல் தேய்ந்தாலும் அடியில் பித்தளைதான். இந்த விளக்கின் வெண்கலத்தில் இருப்பதோ பெரும்பாலும் பொன்முலாம். பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, சூடேற்றி ரசத்தை ஆவியாக்கி ஒட்டவைத்த மெல்லிய படலம் அது. இலை வேலைப்பாடு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இலையின் பரப்பு மணல் தூவியதுபோல் மங்கலாக இருக்கும். நரம்பும் விளிம்பும் மட்டும் பளபளக்கும். மேடான அந்த இடங்களைக் கல்லால் அழுத்தி மெருகேற்றியிருக்கிறார்கள். பாலிஷ் பொடி பட்டால் முதலில் போவது அந்த மேடுதான்.

அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசியால் லேசாகக் கீறுங்கள். மஞ்சளாக இருந்தால் வெண்கலம் அல்லது பித்தளை. சாம்பல் வெள்ளை என்றால் துத்தநாகக் கலவை. புளி அதை நேரடியாகவே அரித்துவிடும்.

துடைக்க, அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் நாலைந்து சொட்டு போதும். பஞ்சுக் குச்சியைத் தேய்க்காமல் உருட்டுங்கள். பிறகு வெறும் நீரில் ஒருமுறை, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் காற்றிலேயே உப்பு இருப்பதால், இடுக்கில் ஈரம் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

அடுத்து இயந்திரம். சாவி அடியில் இருந்து, முடுக்கினால் கடிகாரம்போல் ஓடுகிறதென்றால் அது கார்செல் விளக்கு. பெர்னார் கியோம் கார்செல் என்ற பாரிஸ் கடிகாரக்காரர் 1800இல் கொண்டுவந்தது. அடியில் உள்ள பொறி பம்பை இயக்கி எண்ணெயை மேலேற்றும். அதை நீங்களே பிரிக்காதீர்கள், சுவர்க் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சாவி மேலே பர்னரை ஒட்டி இருந்தால் 1830களில் ஃபிரான்ஷோ என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த மாடரேட்டர் விளக்கு. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

மாடரேட்டரில் எண்ணெயை ஏற்றுவது ஒரு பிஸ்டனும் அதை அழுத்தும் சுருள் ஸ்பிரிங்கும். சாவியைத் திருகினால் பிஸ்டன் மேலே போகும். அதன் தோல் விளிம்பு மடங்கி எண்ணெயைக் கீழே விடும். பிறகு ஸ்பிரிங் அழுத்த, எண்ணெய் நடுக்குழாயில் ஏறும். குழாய்க்குள் இருக்கும் கம்பி ஊசிதான் ஓட்டத்தைச் சீராக்குகிறது. ஸ்பிரிங் வலுவாக உள்ளபோது ஊசி ஆழமாக இருந்து வழியை அடைக்கும். ஸ்பிரிங் தளரத் தளர ஊசி விலகும். அடைப்பெடுக்க வேறு கம்பியை விட்டு அந்த ஊசியை வளைத்துவிடாதீர்கள்.

பழைய எண்ணெய் காய்ந்து இறுகிய விளக்கில் சாவியை வலிந்து திருகினால், பிஸ்டனைத் தூக்கும் பல்சட்டத்தின் பற்கள் உடையும். முதலில் எண்ணெய்த் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, முழுக்க வடித்துவிடுங்கள். வெளியே வர்ணம் பூசிய தகரமானால் ஒரு சொட்டும் வழியக்கூடாது.

எண்ணெய் ஊற்றி முடுக்கியதும் பிஸ்டன் சடாரென இறங்கினால் தோல் போய்விட்டது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் வடிவம் நிற்காது, மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் வாங்குங்கள். 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமன். தொட்டியின் உள்விட்டத்தைவிட 2 சென்டிமீட்டர் பெரிய வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கிண்ணம்போல் அச்சில் அழுத்திக் காயவிடுங்கள். ஓர் இரவு எண்ணெயில் ஊறட்டும். மாட்டும்போது விளிம்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழானால் எண்ணெய் ஏறவே ஏறாது. ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்த பிறகே பிரியுங்கள், இல்லையென்றால் கையைப் பதம் பார்த்துவிடும்.

அந்தக் காலத்தில் இவ்விளக்கில் எரித்தது கோல்சா என்ற ரேப் விதை எண்ணெய். அதன் நெருங்கிய உறவு கடுகு எண்ணெய், வடிகட்டி ஊற்றுங்கள். விளக்கெண்ணெய் குழாயில் ஏற முடியாத அளவு கெட்டி. தேங்காய் எண்ணெய் மார்கழி இரவில் உறைந்து குழாயை அடைக்கும். மண்ணெண்ணெயில் ஏற்றவே கூடாது: இவ்விளக்கில் எரிவதைவிட அதிக எண்ணெய் மேலே வந்து வழிந்து திரும்புகிறது, அது தீப்பிடித்தால் ஆபத்து.

முடுக்கிவிட்டு, திரி முழுக்க நனைந்து எண்ணெய் சொட்டி விழும் ஓசை கேட்ட பிறகு கொளுத்துங்கள். சுடர் சிவந்து புகைந்தால் திரியை இறக்குங்கள், சிம்னியின் இடுக்கத்தைச் சற்று மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அணைத்த பின் ஸ்பிரிங் தானாகத் தளரட்டும்; பல நாள் ஏற்றப்போவதில்லை என்றால் எண்ணெயை வடித்துவிடுங்கள், காய்ந்தால் அது வார்னிஷ்போல் தோலை ஒட்டிவிடும்.