ரொறன்ரோவில் இருந்து கோண்டாவிலுக்குக் கதைப்பது: என் அனுபவம்

படிக்க வந்த புதிதில் அம்மம்மாவோடு நிம்மதியாகக் கதைக்கவே முடியவில்லை. நான் வகுப்பு முடிந்து எடுத்தால் அங்கே நடுச்சாமம், அதையும் மீறி யாராவது எடுத்தால் வீடியோ உறைந்து நிற்கும்.

முதலில் நேரத்தைச் சரி பண்ணினேன். இலங்கையில் மணிக்கூட்டை மாற்றுவதில்லை, இங்கேதான் மார்ச்சிலும் நவம்பரிலும் மாற்றுவார்கள், அதனால் வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை. ஆகவே ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டேன்: அங்கே காலை 7.30, அம்மம்மா தேத்தண்ணி குடிக்கும் நேரம். எனக்கு அது இரவு 9 மணி, கோடையில் 10. போன் காலண்டரில் நினைவூட்டலைக் கொழும்பு நேர வலயத்தில் போட்டால் அது தானாகவே மாறிக்கொள்ளும்.

அப்புறம் வட்ஸ்அப் செட்டிங்ஸில், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில், அழைப்புக்குக் குறைந்த டேட்டா பாவிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. தங்கச்சியைக் கொண்டு அம்மம்மாவின் போனிலும் அதைப் போடுவித்தேன். குரல் அறுவது நன்றாகக் குறைந்தது.

ஆனால் உண்மையில் பெரிய உதவி வொய்ஸ் மெசேஜ்தான். அம்மம்மாவுக்கு எழுதத் தெரியாத ஆங்கில விசைப்பலகை தேவையில்லை, அமத்திப் பிடித்துக்கொண்டு கதைத்தால் போதும். நல்லூர்த் திருவிழா நாட்களில் மேளச் சத்தத்தோடு அனுப்புவா. பஸ்ஸில் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்பேன். கட்டாயம் பழக்கிவிடுங்கள்.