பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு டர்போ மாற்றுகிறீர்களா?

நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆரின் 2.6 லிட்டர் இன்ஜினில் இரண்டு டர்போக்கள், அதாவது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவிகள். அவற்றின் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக். எடை குறைவு, சட்டென்று சுழலும். ஆனால் பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, 1 பார் (bar) அளவுக்கு மேல் ஏற்றினால் சூட்டிலும் வேகத்திலும் தண்டிலிருந்து கழன்றோ நொறுங்கியோ போய்விடும். அதனால் "ஒரிஜினல், அதிகம் ஓடாதது" என்று விற்கும் பழைய டர்போவை வாங்காதீர்கள். சக்கரம் உலோகமா என்பதுதான் முதல் கேள்வி.

நேராகப் பொருந்தும் கேரட் (Garrett) நிறுவன டர்போக்கள் 707160 என்ற பாக எண் வரிசையில் உண்டு. கடைசி எண் 9 என்றால் பூஸ்ட் சீக்கிரம் ஏறும். 5 என்றால் பவர் கூடும், ஆனால் தாமதமாகவே எழும். சாலையில் ஓட்டத்தான் வண்டி என்றால், என் ஓட்டு 9க்குத்தான். பெரிய எண்ணிக்கை ஹார்ஸ்பவர் பேச நன்றாக இருக்கும், சிக்னலில் உதவாது!

இவை தண்டு சிறு உருண்டைகள் மேல் சுழலும் பால் பேரிங் (ball bearing) வகை. ஆயில் வரும் வழியில் அதற்குரிய ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் அளவைக் குறைக்கும் சிறு துளை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆயில் அதிகமாகப் பாய்ந்து சீல் வழியே கசியும், சைலன்சரில் நீலப் புகை வரும். ஆயில் திரும்பும் குழாய் மடங்காமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும்.

ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம், உடைந்த செராமிக் துண்டுகள் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் அடைத்திருக்கலாம். புதியதை மாட்டும் முன் அதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.