630003 என்னும் எண்ணை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுவோர் உறையின்மேல் இடும் அஞ்சல் குறியீடு 630003. அதனை ஆறு இலட்சத்து முப்பதாயிரத்து மூன்று என்னும் முழு எண்ணாகக் கொண்டு பண்புகளைக் காண முற்படும் மாணவர்கள் சில இடங்களில் தவறாமல் வழுக்குகிறார்கள்.

3-இல் முடிவதால் இது பகா எண்ணாக இருக்கும் என்று ஊகிப்பது அவற்றுள் ஒன்று. 3-இல் முடியும் எண் 2, 5 ஆகியவற்றால் வகுபடாது, முழு வர்க்கமாகவும் இராது. அந்த இலக்கத்திலிருந்து பகா எண் என்ற முடிவுக்குத் தாவ இயலாது. இலக்கங்களின் கூடுதல் 12 ஆதலால் எண் 3-ஆல் வகுபடும். 9-ஆல் வகுபடாது, மீதி 3 வரும். வண்டி எண்ணுக்குக் கூட்டு எண் பார்ப்பவர்கள் இதற்கு 3 என்று சொல்வார்களே, அது இந்த மீதிதான். அதற்குமேல் அதில் பொருள் தேடுவது வீண்.

11-க்கான சோதனையில் பூச்சியங்கள் ஏமாற்றிவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 6+0+0, 3+0+3 என இருபுறமும் 6 வருகிறது. வித்தியாசம் 0 என்பதால் எண் 11-ஆல் வகுபடும். மதிப்பில்லாதவை என்று பூச்சியங்களை விட்டுவிட்டு 6, 3, 3 என்று எடுத்தால் வித்தியாசம் 6 ஆகிவிடும், முடிவும் தலைகீழாகும்.

3, 11 இரண்டாலும் வகுத்தபின் 19091 எஞ்சுகிறது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 3, 5, 7, 11, 13 எதனாலும் அது வகுபடாததைக் கண்டு பகா எண் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அவ்வாறு சொல்வதற்கு அதன் வர்க்கமூலமான 138 வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் சோதித்திருக்க வேண்டும். அடுத்த பகா எண்ணான 17-ஆலேயே அது வகுபட்டு 1123 தருகிறது. அதன்பின் பழைய எல்லையான 138 வரை செல்வது வீண் உழைப்பு. 34-இன் வர்க்கம் 1156 என்பதால் 17, 19, 23, 29, 31 ஆகிய ஐந்தை மட்டும் சோதித்தால் 1123 பகா எண் என்பது உறுதியாகும். ஆகவே 630003 = 3 × 11 × 17 × 1123.

பகாக் காரணிகள் நான்கு என்பதால் வகுத்திகளும் நான்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு காரணியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், 1-ஐயும் அந்த எண்ணையும் உள்ளிட்டு வகுத்திகள் 16.

இரு வர்க்கங்களின் கூடுதலாக இதனை எழுத இயலுமா என்று இதன் வர்க்கமூலத்தின் முழுப்பகுதியான 793-இல் தொடங்கி ஒவ்வொரு எண்ணின் வர்க்கத்தையும் கழித்துப் பார்ப்பவர்களும் உண்டு. எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். இரண்டைக் கூட்டினாலும் மீதி 3 வராது. 630003-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால், அந்தத் தேடலைத் தொடங்கவே வேண்டியதில்லை.