நெல்லைக் கதைக்குப் படம் வரைவது எப்படி?

திருநெல்வேலிப் பக்கத்துக் கதை ஒன்றைப் படங்களோடு சின்னப் புத்தகமாக்க ஆசையா? கதை சொன்னதையே படமும் சொன்னால் அந்தப் படம் வீண். ஊர்க்காரர்களுக்குத் தெரியும்தானே என்று எழுத்தாளர் சொல்லாமல் விட்ட இடங்கள் நிறைய இருக்கும், படத்துக்கு இடம் அங்கேதான்.

1. முதலில் கதை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்திருந்தால் உரிமைச் சிக்கல் இல்லை. புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தவர், அவர் கதையில் தாராளமாகத் தொடங்கலாம். மற்றவர்கள் கதை என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

2. கதையைச் சத்தம் போட்டு வாசித்து, விவரிக்காமல் பெயர் மட்டும் சொல்லிப்போகும் பொருள்களை அடிக்கோடிடுங்கள். 'பனையேறி கலயத்தை இறக்கினான்' என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். பனங்காட்டு ஊரான உடன்குடிக்காரருக்கு அது போதும். கோயம்புத்தூர்க்காரருக்கு? இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டி, மரமேறக் காலில் மாட்டும் தளைநார், பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்பு, மரம் உரசி உரசிக் காய்த்துப்போன நெஞ்சு, இதையெல்லாம் வரைந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்கு அடிக்குறிப்பே வேண்டாம். முகத்தை மட்டும் முழுசாகக் காட்டாதீர்கள், அதை வாசகர் தன் மனதில் வரைந்துகொள்ளட்டும்.

3. இணையத்தில் படம் தேடி வரையாமல் நேரில் போய்ப் பாருங்கள். கறுப்பு மையில் தேரிக்காட்டு மணல்மேடுகளின் செம்மணலுக்கும் கோவில்பட்டிக் கரிசல் மண்ணுக்கும் நிறத்தால் வித்தியாசம் காட்ட முடியாது, அதனால் தேரிக்கு நுண்புள்ளிகள், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலுக்கு முரட்டுக் கோடுகள் என்று பிரித்துக்கொள்ளலாம். எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களைத் தேடிப் பிடித்துப் பாருங்கள், கோடு மட்டும் எவ்வளவு தாங்கும் என்பது அப்போதுதான் புரியும்.

4. அப்புறம் பக்க அமைப்பு. ஏ5 அளவு போதும். கோட்டோவியத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், ஓரம் வரை போகும் படத்துக்கு வெட்டுவதற்காக 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். படம் அதற்குரிய வரிக்கு முந்திவிடக் கூடாது, எதிர்ப்பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ வரட்டும், இல்லாவிட்டால் கதையின் திருப்பம் படத்திலேயே தெரிந்துவிடும்.

5. மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன், அதே தாளில் நாலு பக்கம் மாதிரி எடுத்துப் பாருங்கள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் என்றால் அடர்ந்த கறுப்பு பின்பக்கம் தெரியலாம். அப்படித் தெரிந்தால் கறுப்பைக் குறையுங்கள், அல்லது 100 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறிக்கொள்ளுங்கள்.